போர்வீல் வண்டிக்கு எண்ணெய் மாற்றுவது எப்போது? தோட்டத்து ஓட்டத்துக்குக் கணக்கு வேறு!

நம் ஜொகூர் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் போர்வீல் வண்டி என்றால் அது துரை வண்டி. லேண்ட்ரோவர் சத்தம் கேட்டால் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். இன்றைக்கு நிலைமை அப்படியா இருக்கிறது? குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய், லாபிஸ், சிகாமட் பக்கம் எந்தத் தோட்டத்துச் சடக்கில் போனாலும் நம்மவர் ஒருவர் பழைய ஹைலக்ஸில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு எதிரே வருகிறார். செம்பனைக் குலைகளை ராம்ப்புக்குக் கொண்டு போகிறவர், புல்வெட்டு காண்டிராக்ட் எடுத்தவர், சின்னத் தோட்டக்காரருக்கு உதிரிப் பழம் பொறுக்கி ஏற்றுகிறவர், விடிகாலையில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர் என்று பலரும் நம்பி இருப்பது இந்த வண்டியைத்தான்.

இந்த வண்டிகள் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கையாக வந்தவை. ஐம்பத்தைந்து வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மகன் பேரில் கடன் எடுத்து மாதாமாதம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்று போனால் வீட்டு அடுப்பே நின்று போகும். ஆகவே இந்த வாரம் நாம் பேசப் போவது எஞ்சின் எண்ணெயைப் பற்றி. மலாய்க்காரர் 'மிஞ்ஞாக் ஹீத்தாம்' என்று சொல்கிறார்களே, அந்தக் கறுப்பு எண்ணெய்தான்.

தோட்டத்து லாரி, டிராக்டர் ஓட்டிய காலத்தில் டிரைவருக்கு இந்தக் கவலை கிடையாது. தோட்டத்திலேயே பட்டறை இருந்தது, பிட்டர் இருந்தார், ஸ்டோரில் பீப்பாய் இருந்தது. எப்போது மாற்ற வேண்டும் என்பதைப் பட்டறைப் புத்தகம் பார்த்துக் கொண்டது. அதனால் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்குக்கூட எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் போனதில் வியப்பில்லை. இப்போது டிரைவரும் அவரே, முதலாளியும் அவரே. பட்டறைப் புத்தகத்தையும் அவரேதான் எழுத வேண்டும்.

மைல் கணக்கும் மணிக் கணக்கும்

"பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் மாத்தினா போதும்னு கம்பெனியிலேயே சொல்லிட்டாங்க, அண்ணே" என்று பலரும் சொல்வதைக் கேட்கிறோம். அது பொய்யில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்று என்றுதான் இன்றைய வண்டிகள் பலவற்றுக்குச் சொல்கிறார்கள். ஆனால் அது எந்த ஓட்டத்துக்குச் சொன்ன கணக்கு என்று பார்க்க வேண்டாமா?

நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை எடுத்துக்கொள்வோம். அது பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடி முடிக்க எஞ்சின் 125 மணி நேரம் சுழல்கிறது. அதே வண்டி தோட்டத்துக்குள் செம்மண் சடக்கில் முதல் கியர், இரண்டாம் கியரில் ஊர்கிறது, ஏற்றுகிற நேரமெல்லாம் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால், அதே பத்தாயிரம் கிலோமீட்டருக்கு எஞ்சின் ஏறக்குறைய 667 மணி நேரம் சுழன்றாக வேண்டும். மீட்டரில் எண் ஒன்றுதான், எண்ணெய் உழைத்த நேரமோ ஐந்து மடங்குக்கு மேல்.

தோட்டத்து டிராக்டரை ஓட்டியவர்களுக்கு இது புரியும். டிராக்டரில் மணி மீட்டர் இருக்கும், கிலோமீட்டர் பார்த்து எண்ணெய் மாற்றுவதில்லை. 250 மணிக்கு ஒரு தரம் என்பது டிராக்டர்களுக்கு வழக்கமான கணக்கு, சில பழைய மாடல்களுக்கு அதைவிடக் குறைவு. நம் போர்வீல் வண்டி தோட்டத்துக்குள் செய்கிற வேலை டிராக்டர் வேலைதான். அதற்கு டிராக்டர் கணக்கைப் போடுவதே நியாயம். 250 மணியை 15 கிலோமீட்டரால் பெருக்கினால் 3,750 கிலோமீட்டர் வருகிறது. பத்தாயிரம் எங்கே, 3,750 எங்கே!

வண்டி கம்பெனிக்காரன் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கையேட்டைப் புரட்டினால் கடுமையான ஓட்டத்துக்கென்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். தூசிச் சாலை, பாரம், இழுவை, அணைக்காமல் நிற்பது, குட்டைத் தூரம் ஓடி ஓடி நிறுத்துவது என்று அதில் வரிசையாகப் போட்டு, அப்படி ஓட்டுகிறவர்கள் சீக்கிரமாக மாற்ற வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். பத்தாயிரம் என்று சொன்ன இடத்தில் பெரும்பாலும் ஐயாயிரம் இருக்கும். அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? இரண்டாம் கை வண்டியில் கையேடே இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே நாம் சொல்வது இது: ஐயாயிரம் கிலோமீட்டர், 250 மணி நேரம், ஆறு மாதம், மூன்றில் எது முதலில் வருகிறதோ அதில் மாற்றுங்கள். உங்கள் வண்டியின் கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேட்டைப் பின்பற்றுங்கள். மணி மீட்டர் பிக்கப்பில் இல்லையே என்றால் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். நாளைக்கு எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடியது என்று குத்துமதிப்பாக எழுதி வைத்தால் சரி. நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடுகிற வண்டிக்கு ஏறக்குறைய 42 வேலை நாளில் 250 மணி வந்துவிடும். இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் 125 வேலை நாள், அதாவது நாலைந்து மாதம் தாங்கும். நிழலில் நிறுத்தி ஏர்கோண்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிற நேரமும் இதில் சேர்த்திதான்!

எண்ணெய் கெடுவது எப்படி?

எண்ணெய் வழுக்கிக் கொடுப்பது மட்டும் அல்ல, எஞ்சினுக்குள் துப்புரவு வேலையும் அதுதான் செய்கிறது. டீசல் எரியும்போது வரும் கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்கிறது, சூட்டை இறக்குகிறது, புளிப்பைக் கொல்கிறது. இந்த வேலைகளுக்காக அதில் கலந்திருக்கும் மருந்துகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து போகின்றன. அவை தீர்ந்தபின் டப்பாவில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வெறும் கறுப்புத் தண்ணீர்தான்.

புளிப்பு என்றோம். டீசலில் கந்தகம் உண்டு. அது எரிந்தால் அமிலம் ஆகும், அமிலம் இரும்பைத் தின்னும். வயிற்றுப் புளிப்புக்குச் சோடா உப்புக் கரைத்துக் குடிப்பதுபோல் எண்ணெயில் காரச் சத்து வைத்திருக்கிறார்கள். முன்பு நம் நாட்டு டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி. ஐரோ 5 டீசலில் அது 10 பங்குக்கு மேல் போகக் கூடாது. இந்த டீசல் 2014 ஆம் ஆண்டிலேயே ஜொகூரில் சில நிலையங்களில் விற்பனைக்கு வந்துவிட்டது. 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதற்கும் கட்டாயம் ஆனது. அதனால் அமிலத் தொல்லை பெரிதும் குறைந்தது, மறுப்பதற்கில்லை. 'இப்போ டீசல் சுத்தம், அதனால எண்ணெய் நிறைய நாள் தாங்கும்' என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். பட்டணத்து ஓட்டத்துக்கு அது ஓரளவு சரி. தோட்டத்து வண்டியைக் கெடுப்பது கந்தகம் மட்டும் இல்லையே!

முதல் எதிரி தூசி. ஜொகூர்ச் செம்மண் காய்ந்தால் மாவாகப் பறக்கும். அந்த மாவில் மணல் சத்தும் கலந்திருக்கிறது, அது இரும்பைவிடக் கடினமானது. காற்று வடிகட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும், உள்ளே போன தூசி எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடும். பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் அதில் தேயும். அப்புறம் வண்டி நீலப் புகை விடும், எண்ணெய் குடிக்கும். முன்னே லோரிக்குப் பின்னே ஒட்டிக்கொண்டே போகிற வழக்கத்தை நம் பிள்ளைகள் விட்டால் பாதித் தூசி குறையும். காற்று வடிகட்டியை வாரம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். தட்டித் தட்டியே பல மாதம் ஓட்டுகிறவர்கள் உண்டு. காகித வடிகட்டியைத் தட்டினால் மடிப்பு கிழியும், காற்றழுத்தக் குழாயை மிக அருகில் வைத்து ஊதினாலும் கிழியும். கிழிந்த வடிகட்டியும் ஒன்றுதான், இல்லாத வடிகட்டியும் ஒன்றுதான்.

இரண்டாவது, நாம் வெட்டுகிற குலையின் எண்ணெய்! வேடிக்கையாகச் சொல்லவில்லை. 2011 முதல் நம் நாட்டில் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பொருளைக் கலந்து விற்கிறார்கள். ஆரம்பத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு, பிறகு ஏழு, 2019 பிப்ரவரி முதல் வாகனங்களுக்குப் பத்துப் பங்கு. அப்படிப் பத்துப் பங்கு கலந்த டீசலை நாற்பது லிட்டர் ஊற்றினால் அதில் நாலு லிட்டர் செம்பனையிலிருந்து வந்தது. பாசிர் கூடாங் ஆலைகளுக்குப் போகிற எண்ணெயில் நம் தோட்டத்துக் குலையும் இருக்கத்தான் செய்யும். இதனால் செம்பனைக்குக் கிராக்கி கூடுகிறது, நம் பிழைப்புக்கு நல்லதுதான். வண்டிக்கும் பொதுவாகக் கெடுதல் இல்லை, கம்பெனிகள் ஏற்றுக்கொண்ட கலவைதான் அது.

ஆனால் ஒரு குணத்தை அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறாமல் குட்டை ஓட்டம் ஓடும்போது எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே எண்ணெயில் கலக்கும். சாதாரண டீசலில் ஒரு பகுதி, பிறகு நீண்ட ஓட்டத்தில் சூடேறும்போது ஆவியாகிப் போய்விடும். செம்பனைப் பங்கு அவ்வளவு எளிதில் ஆவியாகாது. உள்ளேயே தங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும், நாள்பட்டால் கெட்டுப் பிசுபிசுப்பாக மாறும். லயத்திலிருந்து ராம்ப்புக்கு இரண்டு மைல், ராம்ப்பிலிருந்து லயத்துக்கு இரண்டு மைல் என்று நாளெல்லாம் நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு இதுதான் கண்ணுக்குத் தெரியாத கேடு. அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் மகிழ்ந்து விடாதீர்கள். டீசல் கலக்கிறது என்று அர்த்தம். கம்பியில் டீசல் வாடை அடிக்கும். அப்படியானால் எண்ணெயை உடனே மாற்றிவிட்டு, ஊசி எனப்படும் இஞ்செக்டர் ஒழுகுகிறதா என்று காட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது வண்டியை நெடுஞ்சாலைப் பக்கம் அரை மணி நேரம் நல்ல சூட்டில் ஓட்டிவிட்டு வருவதும் நல்லது. கோயிலுக்கோ கடைக்கோ போகிற நாளை அதற்கு வைத்துக்கொள்ளலாமே!

டப்பாவில் எதைப் படிப்பது?

கடையில் போய் நின்றால் தங்க நிற டப்பா, சிங்கப் படம் போட்ட டப்பா, பந்தயக் கார் படம் போட்ட டப்பா என்று தலை சுற்றும். படத்தை விடுங்கள். இரண்டே இரண்டு குறிகளைப் பார்த்தால் போதும்.

முதல் குறி கெட்டித் தன்மை. 15 டபிள்யூ-40 என்று எழுதியிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலம் என்பதற்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்து. அதற்கு முன்னே உள்ள எண் சிறிதாக இருந்தால் பனி பெய்கிற நாட்டில் விடிகாலையில் எண்ணெய் இறுகாமல் ஓடும். குளுவாங்கில் மார்கழி விடியலில் எவ்வளவு குளிர்ந்தாலும் பனி உறையப் போவதில்லை. அதனால் பழைய டீசல் எஞ்சின்களுக்கு 15 டபிள்யூ-40 நம் ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது. பின்னால் உள்ள 40 என்பது எஞ்சின் சூடாக இருக்கும்போது, அதாவது 100 டிகிரியில், எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டுகிறது. 30 என்றால் அதைவிட நீர்ப்பு, 50 என்றால் அதைவிடக் கெட்டி.

'பழைய வண்டிதானே, நல்லா கெட்டியா ஊத்துனா புகை நிக்கும்' என்று 50, 60 என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. புகை கொஞ்ச நாள் அடங்கும். ஆனால் விடிகாலையில் கிளப்பும்போது கெட்டி எண்ணெய் மேலே ஏறித் தலைப்பக்கம் சேர நேரம் பிடிக்கும், அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எஞ்சின் அதிகமாகத் தேய்கிறது. எதிர்ப்பக்கம், புதிய எஞ்சினுக்குக் கையேட்டில் 5 டபிள்யூ-30 அல்லது 0 டபிள்யூ-20 என்று போட்டிருந்தால் அதையே ஊற்ற வேண்டும். அந்த எஞ்சினின் இடைவெளிகளை அந்த நீர்ப்புக்குத் தக்கபடிதான் கடைந்திருக்கிறார்கள். அங்கே நம் பழைய அனுபவம் செல்லாது.

இரண்டாவது குறி தரம். ஏ.பி.ஐ. என்று ஒரு வட்டத்துக்குள்ளோ ஓரமாகவோ எழுதியிருக்கும். அது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரவரிசை. எஸ் என்ற எழுத்தில் தொடங்கினால் பெட்ரோல் வண்டிக்கு, சி என்று தொடங்கினால் டீசல் வண்டிக்கு. அதற்கடுத்த எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம். சி.எஃப். 1994-இல் வந்தது. சி.ஹெச்.-4 1998, சி.ஐ.-4 2002, சி.ஜே.-4 2006, சி.கே.-4 2016. டர்போ உள்ள டீசல் பிக்கப்புக்குச் சி.ஐ.-4 இருந்தால் பொதுவாகப் போதும்.

இங்கேதான் நம்மவர் பலர் ஏமாந்து போகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிற பல டப்பாக்களில் எஸ்.என்./சி.எஃப். என்று சேர்த்துப் போட்டிருக்கும். 'டீசலுக்கும் போடலாம், பெட்ரோலுக்கும் போடலாம்' என்பார் கடைக்காரர். அது அடிப்படையில் பெட்ரோல் கார் எண்ணெய். பின்னால் ஒட்டியிருக்கிற சி.எஃப். முப்பது வருஷத்துக்கு முந்திய டீசல் தரம். பாரம் ஏற்றிக் கரி தள்ளுகிற டர்போ டீசலுக்கு அது தாங்காது. சி எழுத்து முன்னால் வருகிற டப்பாவைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வைத்த புதிய வண்டிகளுக்குச் சாதாரண சி.ஐ.-4 ஆகாது. அந்த எண்ணெய் எரிந்தால் வரும் சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும். அவற்றுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். டி.எல்.-1 என்று ஜப்பான் தரமோ, சி2, சி3 என்று ஐரோப்பியத் தரமோ கையேட்டில் போட்டிருக்கும். உங்கள் வண்டியில் அந்த வடிகட்டி இருக்கிறதா இல்லையா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுகிற செலவு சின்னத் தொகை இல்லை.

விலை உயர்ந்த முழுச் செயற்கை எண்ணெய் நல்லதா என்று கேட்பார்கள். நல்லதுதான். டர்போவின் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் தூசியும் டீசலும் அதற்குள்ளும் அதே அளவுதான் போகும். முந்நூறு வெள்ளி எண்ணெயை ஊற்றிவிட்டு, 'காசு போட்டாச்சு' என்று ஒரு வருஷம் ஓட்டுவதைவிட, நடுத்தர விலை எண்ணெயை நாள் தவறாமல் மாற்றுவதே தோட்டத்து வண்டிக்கு மேல் என்பது நம் கருத்து. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் எண்ணெய் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். அதில் மிச்சம் பிடிக்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். புது எண்ணெயோடு பழைய அழுக்கும் கலந்துவிடும், வேறென்ன? எண்ணெயும் வடிகட்டியும் சேர்ந்து ஓரிரு நூறு வெள்ளியில் முடிகிற காரியம் இது. எஞ்சினைப் பிரித்துப் போட்டால் ஆயிரக்கணக்கில் போகும், பிரித்துப் போட்ட நாளெல்லாம் கூலியும் இல்லை. அதிலும் 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, முதலில் கைவைத்தது எண்ணெய் மாற்றுகிற செலவில்தான் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த மிச்சம் மிச்சமே இல்லை.

போலி எண்ணெய் நடமாட்டமும் இருக்கிறது. பேர்போன கம்பெனி டப்பாவில் மட்டமான எண்ணெயை அடைத்து விற்றதை உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் பிடித்த செய்திகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா, டப்பாவில் தயாரிப்பு எண் அச்சு அழிந்து சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த கடையில் ரசீதோடு வாங்குங்கள், ரசீதை அந்த நோட்டுப் புத்தகத்திலேயே ஒட்டி வையுங்கள்.

கறுத்துப் போனால் கெட்டதா?

"நேத்துதான் மாத்தினேன், இன்னிக்கே கறுத்துப் போச்சே! ஏமாத்திட்டானுங்க!" என்று பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. டீசல் எஞ்சினில் எண்ணெய் ஒரே நாளில் கறுப்பாவது இயல்பு. கரியை அடியில் படியவிடாமல் தன்னுள் தாங்கிக்கொள்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நிறத்தை வைத்து நாள் குறிக்க முடியாது.

வேறொரு சோதனை உண்டு. வண்டியைச் சூடாக ஓட்டி நிறுத்தியபின் அளவுக் கம்பியிலிருந்து ஒரே ஒரு சொட்டை மை உறிஞ்சும் தாளிலோ காப்பி வடிகட்டும் தாளிலோ விட்டு ஓர் இரவு வையுங்கள். சொட்டு பரந்து, ஓரம் வரை ஒரே சாம்பல் நிறமாகப் படர்ந்திருந்தால் எண்ணெயில் இன்னும் உயிர் இருக்கிறது. நடுவில் தார்போல் கறுப்பு வட்டம் கட்டியாக நின்று, சுற்றிலும் வெறும் எண்ணெய் மட்டும் படர்ந்திருந்தால் கரியைத் தாங்கும் மருந்து தீர்ந்துவிட்டது. நோட்டில் எத்தனை மணி எழுதியிருந்தாலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பால் காப்பி நிறத்தில் எண்ணெய் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் கலக்கலாம், வெள்ளத் தண்ணீரும் கலக்கலாம். வெள்ளம் நம் மாநிலத்துக்குப் புதிதா? 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கின. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் பக்கம் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் 'ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்' என்று சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் தண்டுதான் வளையும். பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எஞ்சின் எண்ணெயோடு கியர் பெட்டி, முன் பின் அச்சுகளின் எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள். அச்சுக்கு மூச்சுவிடும் துளை உண்டு, சூடான அச்சு தண்ணீரில் இறங்கினால் அந்த வழியே தண்ணீரை உறிஞ்சும். ஓடையைக் கடந்து போகிற வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டர்போவின் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதன் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. பாரத்தோடு மேட்டை ஏறி வந்து சட்டென்று எஞ்சினை அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும், சூடு நிற்காது. அங்கே எண்ணெய் கருகிக் கல்லாகும். ஒன்றிரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். காலையில் கிளப்பியதும் உறுமவிட்டுச் சூடேற்றுவதும் வேண்டாம். அப்புறம், எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால் 'ராம்ப் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது?

வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். அப்போதுதான் கரி அடியில் தங்காமல் எண்ணெயோடு இறங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. எஞ்சினுக்கு எஞ்சின் அளவு மாறும், பிக்கப்புகள் பலவற்றுக்கு ஏழு லிட்டர் போல் பிடிக்கும். டப்பாவிலிருந்து முழுவதையும் கவிழ்த்துவிடாமல் அளவுக் கம்பியைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். அதிகம் ஊற்றுவதும் கெடுதலே.

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவது, கறையானுக்கென்று வீட்டுத் தூணில் பூசுவது, குப்பையோடு போட்டுக் கொளுத்துவது எல்லாம் நம் லயங்களில் காலம் காலமாக நடந்து வந்தவை. 2005 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் பழைய எஞ்சின் எண்ணெய் ஆபத்தான கழிவுப் பட்டியலில் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி அவதிப்பட்டார்கள், 111 பள்ளிக்கூடங்களை மூட வேண்டி வந்தது. அது வேறு வகைக் கழிவு, அளவும் வேறு. ஆனாலும் நம் வாய்க்கால் தண்ணீர் போய்ச் சேருவதும் ஏதோ ஓர் ஆற்றில்தானே? பழைய எண்ணெய் தோலுக்கும் ஆகாது, வருஷக்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் புற்றுநோய்க்கு இடமுண்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையைப் பெட்ரோலில் கழுவாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழைய எண்ணெயை ஊற்றி மூடுங்கள். வடிகட்டியை ஓர் இரவு கவிழ்த்து வைத்து, அதில் வடிவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணெய் எடுக்கிற லாரி வந்து போகும் பட்டறை பட்டணத்தில் இருக்கும், விசாரித்து அங்கே கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் கத்தியால் குறுக்கே கீறிவிடுங்கள். கீறிய டப்பாவில் போலி எண்ணெய் அடைத்து நம்மிடமே திரும்ப விற்க யாராலும் முடியாது.